தோளில் பட்ட பந்து

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)

காலைப் பிரட்டுக்குப் போய், வேலைக்காட்டிலிருந்து நேரே வந்து பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தோட்டத்துப் பெருமக்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'விளையாட்டும் ஒழுக்கமும்' என்பதாகும். இதே தலைப்பில் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்திலேயே நான் ஒரு கட்டுரை எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பயிற்சிச் சான்றிதழோடு அந்தக் கட்டுரையும் ஒரே உறையில்தான் இருக்கிறது. நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன். தூசு தட்டி அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்க எனக்கே கூச்சமாகிவிட்டது. ஏன் கூச்சம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காற்பந்தாட்டத்தின் கதையைக் கேளுங்கள். நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் கண்ட கதை.

என் தாயாரின் அண்ணன், அதாவது என் மாமா, குவீன்ஸ்டவுனில் குடியிருப்பவர். என் தாத்தா மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து போகும் ரயில், பாலத்தைக் கடந்து, குவீன்ஸ்டவுனின் தங்ளின் ஹால்ட் வழியாகத்தான் தஞ்சோங் பகாருக்குப் போகும். அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில்தான் தாத்தாவின் வாழ்வு கழிந்தது. ரயில்வே தொழிலாளர்கள் அங்கே எழுப்பிய முனீஸ்வரன் கோயில் 1998இல் காமன்வெல்த் டிரைவுக்கு இடம் மாறியது. இன்றும் பெரிய கோயிலாக அது அங்கே விளங்குகிறது. அம்மா வாழ்க்கைப்பட்டு ஜொகூர்த் தோட்டத்துக்கு வந்துவிட்டார். மாமா அங்கேயே தங்கி, துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தங்ளின் ஹால்ட்டின் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு வாங்கினார். இப்படித்தான் ஒரே வயிற்றில் பிறந்த இருவர் இரண்டு நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். நம் தோட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. நான் விளக்க வேண்டியதில்லை.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டு 31. காலையில் தோட்டத்துத் திடலில் சுதந்திர தினக் கொடி ஏற்றி, மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, மாலையில் அப்பாவோடு 170ஆம் எண் பஸ்ஸில் ஏறினேன். பள்ளி விடுமுறை. குவீன் ஸ்திரீட்டில் இறங்கி, பூகிஸ் நிலையத்தில் எம்.ஆர்.டி. ரயிலைப் பிடித்து, குவீன்ஸ்டவுன் போய்ச் சேர இருட்டிவிட்டது. அது பணக்கஷ்டம் நிறைந்த காலம். நான் அங்கே தங்கியிருந்த அந்த வாரத்தில்தான் அமெரிக்க டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என்று நம் நாணயத்தைக் கட்டிப்போட்டார்கள். சிங்கப்பூர் வெள்ளியை மாற்றுவதற்குள் அப்பாவின் முகம் வாடிவிட்டது. மறுநாளே என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு அவர் திரும்பிவிட்டார்.

மாமாவுக்கு என்னைவிட இரண்டு வயது மூத்த மகன். அவன் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "டேய், ரெண்டு கோல்! மலேசியாவுக்கு ரெண்டு கோல் போட்டோம், தெரியுமா?" என்றான். தெரியும். தோட்டத்துக் கடையில் பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான்தான் பார்த்தேனே!

அப்போது வியட்நாமில் டைகர் கிண்ணப் போட்டி நடந்துகொண்டிருந்தது. தென்கிழக்காசிய நாடுகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டி அது. (டைகர் என்பது ஒரு பீர் கம்பெனியின் பெயர். பள்ளி மேடையில் அந்தப் பெயரைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். இப்போது ஆசியான் வெற்றியாளர் கிண்ணம் என்று மாற்றிவிட்டார்கள்.) இரண்டு குழுக்கள். ஹோ சி மின் நகரத்தில் தாய்லாந்து, இந்தோனேசியா, மியன்மார், பிலிப்பீன்ஸ். ஹனோயில் வியட்நாம், சிங்கப்பூர், மலேசியா, லாவோஸ். சிங்கப்பூர் மலேசியாவை 2-0 என்றும், லாவோசை 4-1 என்றும் வென்றது. வியட்நாமோடு ஆடிய ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது. வியட்நாமும் இரண்டு ஆட்டங்களில் வென்றிருந்தது. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் சிங்கப்பூர் குழுவில் முதலிடம் பெற்றது.

முதலிடம் பெற்றும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மாமா பழைய ரசிகர். 1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில், சூ செங் கீ பயிற்றுவித்த சிங்கப்பூர், பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவர் வாலிபர். குவா கிம் சோங் போட்ட இரண்டு கோல்களையும் இன்றைக்கும் கையாலும் காலாலும் ஆடிக் காட்டுவார். அந்த அணியில் சமது அல்லாபிச்சை இருந்தார், ராஜகோபால் இருந்தார், நம் ஆட்கள் பல பேர் இருந்தார்கள் என்று சொல்லும்போது மாமாவுக்கு நெஞ்சு நிமிரும். 1994இல் பகாங்கை 4-0 என்று வென்று மறுபடியும் கிண்ணம் வந்தது. அதோடு சிங்கப்பூர் மலேசியக் கிண்ணப் போட்டியை விட்டு வெளியேறிவிட்டது. 1996இல் தனக்கென்று எஸ் லீக் தொடங்கிக்கொண்டது. குவீன்ஸ்டவுன் அரங்கத்தில் தஞ்சோங் பகார் யுனைடெட் ஆடும். மாமா டிக்கெட் வாங்கிப் போவார். ஆனால் காலாங் அரங்கத்தில் ஐம்பதாயிரம் பேரோடு கத்திய தொண்டைக்கு அது போதவில்லை. 1996இல் முதல் டைகர் கிண்ணப் போட்டி சிங்கப்பூரிலேயே நடந்தது. சொந்த மண்ணிலேயே அரையிறுதிக்கு வர முடியவில்லை. இப்போது ஃபாண்டி அகமதும் அணியில் இல்லை. "நம்ம ஆளுங்க செமியோட சரி" என்று மாமா முடிவே கட்டிவிட்டார்.

செப்டம்பர் 1 காலை, பசியாற மாமா என்னைக் கீழே கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரே கூச்சல். மலாய்க்காரர் ஒருவர் பத்திரிகையை மேசையில் அடித்து அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவு தாய்லாந்தும் இந்தோனேசியாவும் ஆடிய ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த இரண்டு அணிகளுமே அரையிறுதிக்குத் தேர்வாகிவிட்டன. யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்பது மட்டும்தான் பாக்கி. முதலிடம் பெறுகிறவன் ஹனோய்க்குப் பயணம் செய்து, சொந்த மண்ணில் ஆடும் வியட்நாமை எதிர்க்க வேண்டும். இரண்டாமிடம் பெறுகிறவன் இருந்த ஊரிலேயே இருந்துகொண்டு சிங்கப்பூரை எதிர்த்தால் போதும். ஆகவே இரண்டு பேருக்குமே தோற்க ஆசை. சமநிலை ஆனால்கூட இந்தோனேசியாதான் முதலிடம். அதனால் அவர்களுக்குத் தோற்றே தீர வேண்டும். ஏனோதானோ என்று ஆடி 2-2 என்று வந்துவிட்டது. கடைசி நிமிடத்தில் இந்தோனேசியாவின் தற்காப்பு ஆட்டக்காரர் முர்ஷித் எஃபெண்டி தன் கோலை நோக்கித் திரும்பி, தன் வலைக்குள்ளேயே பந்தை உதைத்தார். அதைத் தடுக்கத் தாய்லாந்துக்காரர்கள் இந்தோனேசியாவின் கோலுக்குக் காவல் ஓடினார்கள்! உலகத்தில் எங்கேயாவது கேட்டதுண்டா? 3-2 என்று தாய்லாந்து 'ஜெயித்தது'. பிற்பாடு ஃபிஃபா இரண்டு நாடுகளுக்கும் 40,000 டாலர் அபராதம் போட்டது. முர்ஷித் எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் ஆட ஆயுள் தடை. அந்த மனிதர் தானாகவா செய்தார், யாராவது சொல்லிச் செய்தாரா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. தண்டனை என்னவோ அவர் தலையில்தான் இறங்கியது.

கோப்பிக் கடையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கோப்பியை அப்படியே வைத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், தண்டவாள ஓரத்து வேலியருகே நின்று என்னிடம் சொன்னார்:

"நம்மளப் பாத்துல்லடா ஓடி வர்றானுங்க. பயந்து போயி மத்தவன்கிட்ட ஓடுவானுங்க, அது வேற. நம்மகிட்ட வந்தா லேசு, சும்மா ஊதித் தள்ளிரலாம்னு ஓடி வர்றானுங்க. கோலுக்குள்ள தானே பந்த உதைச்சுக்கிட்டு வர்றான்னா, நம்மள என்னான்னு நெனச்சிருக்கான்?"

பத்து வயதில் எனக்கு அதன் முழுப்பொருள் விளங்கவில்லை. மாமாவின் முகம் மட்டும் நினைவிருக்கிறது. துறைமுகத்திலும் வெளியிலும் அவரை அப்படி 'லேசு' என்று நினைத்தவர்கள் யார் யாரோ, அவர்கள் எல்லாரும் அன்றைக்கு அந்த முகத்தில் வந்துபோனார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அதுவரை 'செமியோட சரி' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அந்த நிமிடம் முதல் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 3, வியாழக்கிழமை. அரையிறுதி. வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள். சிங்கப்பூர் 2, இந்தோனேசியா 1. லேசு என்று தேடிவந்தவன் தோற்றுப்போனான்! அதே நாளில் தாய்லாந்தும் ஹனோயில் 3-0 என்று வியட்நாமிடம் அடிவாங்கியது. வலியவனுக்குப் பயந்தவனும் தேறவில்லை, எளியவனைத் தேடியவனும் தேறவில்லை. கடைசியில் மூன்றாமிடத்துக்கு அந்த இருவருமே மறுபடியும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆட வேண்டி வந்தது. அன்று ஒழுங்காக ஆடினார்கள். பெனால்டி உதைவரை போய் இந்தோனேசியா வென்றது. இதைக் கேட்டு மாமி, "இதை அன்னிக்கே ஆடியிருக்கலாமுல்ல?" என்றார். காற்பந்தைப் பற்றி மாமி வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. இறுதியாட்டம். எதிரி வியட்நாம். இடம் அவர்களுடைய தலைநகரம் ஹனோய், ஹாங் டே அரங்கம். நாலு பக்கமும் சிவப்புக் கடல். தாய்லாந்தை மூன்று கோல் போட்டு அனுப்பிய அணி. அவர்களுடைய தேசிய தினம் முடிந்து மூன்றே நாள். வெற்றிக்கு வியட்நாம் தயாராகவே இருந்தது. சிங்கப்பூர் வெல்லும் என்று சிங்கப்பூருக்கு வெளியே யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. உள்ளேயும் அதிகம் பேர் இல்லை.

மாமா எங்களைக் கோப்பிக் கடைக்கு அழைத்துப்போனார். கடை நிறைய ஆட்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பார்க்காமல் கிடைத்த நாற்காலியில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். உட்கார இடமில்லாத நாங்கள் தூணோரம் நின்றோம். மாமா மகன் என்னைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்டா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. தோட்டத்தில் என் கூட்டாளிகளிடம், சிங்கப்பூர் தோற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகு, அந்த நேர்த்தியை முனீஸ்வரனிடம் ரகசியமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆட்டத்தைச் சொல்கிறேன். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். பாரி விட்பிரட் என்ற ஆங்கிலேயர்தான் பயிற்றுநர். நஸ்ரி நாசிர் அணித்தலைவர். தங்களுக்கு எது வரும், எது வராது என்று தெரிந்து ஆடினார்கள். வியட்நாம் வந்து வந்து மோதியது. சிங்கப்பூர் தடுத்துக்கொண்டே இருந்தது. நம் தோட்டத்தில் மழைநாளில் வாய்க்கால் உடையாமல் மண்மூட்டை அடுக்குவார்களே, அந்த மாதிரி. முதல் பாதி முடிந்தது. யாருக்கும் கோல் இல்லை. கடைக்காரச் சீனர் தேநீர் கலக்குவதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாம் பாதியில் வியட்நாமின் கோல் முகத்துக்கு ஒரு பந்து உயரப் போயிற்று. அங்கே நின்றவர் ஆர். சசிகுமார். அவர் தற்காப்பு ஆட்டக்காரர், 23 வயது. பந்து அவர் தலையிலும் படவில்லை, காலிலும் படவில்லை. முதுகுப் பக்கமாகத் தோளில் பட்டு, தத்தித் தடுமாறி, வலைக்குள் போய்விட்டது.

ஒரு நொடி கடையில் சத்தமே இல்லை. கோல்தானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! மேலே பத்து மாடியிலும் ஒரே நேரத்தில் கதவுகள் திறந்தன. மாமா என்னை அப்படியே தூக்கித் தன் தோள்மேல் உட்கார வைத்துக்கொண்டார். நான் பத்து வயதுத் தடியன். அவர் முதுகு என்னவாயிற்றோ! மேலேயிருந்து பார்க்கிறேன், எல்லாத் தலைகளும் கீழே ஆடுகின்றன. என்னை முன்பின் அறியாத ஒரு மலாய்ப் பெரியவர் என் காலைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு மிச்ச நேரம் இருந்ததே, அதுதான் நரகம். வியட்நாம் விடவில்லை. மாமா தொலைக்காட்சியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என்னைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "இப்ப எங்கடா பந்து?" "நம்ம பக்கம்தான் மாமா." "இப்ப?" "இன்னும் நம்ம பக்கம்தான் மாமா." நான் 'நம்ம பக்கம்' என்று சொன்னதை மாமா மகன் கவனித்துவிட்டுச் சிரித்தான். நடுவர் விசில் ஊதினார். 1-0. சிங்கப்பூர் வென்ற முதல் பெரிய அனைத்துலகக் கிண்ணம் அதுதான். பிறகு 2004, 2007, 2012 என்று மூன்று முறை அதே கிண்ணம் வந்தது. ஆனால் எதிர்பாராமல் வந்த முதல் பிள்ளைக்கு உள்ள செல்லம் மற்றதற்கு இல்லை என்பார் மாமா.

அன்றிரவு கடையில் ஒரு வாதம் நடந்தது. இதை நான் மறக்கவே முடியாது. கடைக்காரர், "ஐயோ, அதிர்ஷ்டம் லா! தோள்ல பட்டுப் போயிருச்சு" என்றார். பல பேர் தலையாட்டினார்கள். உண்மைதானே! சசிகுமாரே அதைத் தன் திறமை என்று எங்கும் பீற்றிக்கொண்டவரல்லர். இன்றைக்கும் அது 'கடவுளின் தோள்' என்று வேடிக்கையாகப் பேசப்படுகிறது. மாமா மறுத்துப் பேசவில்லை. விரலை மடக்கிக் கணக்குதான் சொன்னார். அஞ்சு ஆட்டம். லாவோஸ் ஒரு கோல் போட்டான், இந்தோனேசியா ஒரு கோல் போட்டான். வேற யாரும் போடல. வியட்நாம்காரன் ரெண்டு ஆட்டம் ஆடியும் ஒண்ணுகூடப் போடல. அஞ்சு ஆட்டத்துக்கு ரெண்டே கோல் வாங்கின டீமுக்கு, போறதுக்கு ஒரு கோல் போதும். அது தோள்ல பட்டாலும் சரி, மூக்குல பட்டாலும் சரி. "பின்னால நிக்கிற ஆளு அங்க போயி நின்னான்ல? அவன் அங்க நின்னதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லாமல் மாமாவுக்கு ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை.

குவீன்ஸ்டவுன் இப்போது மாறிவிட்டது. 2011இல் அந்த ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதை போட்டிருக்கிறார்கள். தங்ளின் ஹால்ட்டின் பழைய கட்டடங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்வதாக 2014இல் அறிவிப்பு வந்தது. மாமா மார்கரெட் டிரைவ் பக்கம் புதிய உயரமான வீட்டுக்குப் போய்விட்டார். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது, ஆனால் கீழே அந்தக் கோப்பிக் கடை இல்லையே என்பது அவர் குறை.

இப்போது என் கட்டுரையை வாசிக்க ஏன் கூசினேன் என்பதற்கு வருகிறேன். இதைச் சொல்லத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்கிறேன்.

இந்த ஆண்டு நம் பள்ளி அணி, தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் அரையிறுதிவரை சென்றதை ஆண்டறிக்கையில் கேட்டுக் கை தட்டினீர்கள். அரையிறுதியில் 1-0 என்று தோற்றதையும் கேட்டீர்கள். அதற்கு முந்திய ஆட்டத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிதான் இருக்கிறது. அறிக்கையின் அந்தப் பகுதியை எழுதியவன் நான்.

குழுவில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றுவிட்டோம். மூன்றாவது ஆட்டத்திலும் வென்றால் முதலிடம். முதலிடம் வந்தால் அரையிறுதியில் பட்டணத்துப் பெரிய பள்ளியை எதிர்க்க வேண்டும். இரண்டாமிடம் வந்தால் எதிரி ஒரு சின்னத் தோட்டப் பள்ளி. மொத்தமே ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளி. அணிக்கு ஆள் சேர்க்கவே நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை இழுத்துவந்திருந்தார்கள். நான் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்தேன். 'தோற்றுவிடுங்கள்' என்று நான் சொல்லவில்லை. ஒரு வாத்தியார் அப்படிச் சொல்வானா? "பாத்து வெளையாடுங்கப்பா. ரொம்ப ஓட வேணாம். தெம்ப மிச்சம் பிடிங்க. இந்த ஆட்டம் போனாலும் பரவால்ல" என்றேன். பிறகு கோல் காவலனாக நின்ற பையனைத் தனியே கூப்பிட்டு, "எல்லாப் பந்துக்கும் பாஞ்சு விழுந்து அடிபட்டுக்காதே" என்றேன். பிள்ளைகள் புத்திசாலிகள். சொல்லாததும் அவர்களுக்கு விளங்கும்.

ஆட்டத்தின் முடிவில் ஒரு பந்து மெதுவாக உருண்டு வந்தது. அந்தப் பையன் அதைப் பார்த்தான். பிறகு கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பந்து அவன் கைக்கடியில் நழுவி உள்ளே போயிற்று.

அரையிறுதியில் அந்தச் சின்னப் பள்ளி எங்களைத் தோற்கடித்தது. பிடிக்க முடியாத பந்து ஒன்று மூலையில் போய் விழுந்தது. அதற்காக யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பள்ளியின் பிள்ளைகள் துள்ளிய துள்ளலைப் பார்த்தேன். அவர்களுடைய வாத்தியார் செருப்பை விட்டுவிட்டுத் திடலுக்குள் ஓடினார். கிழிந்த சப்பாத்தோடு ஒரு பொடியன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். குவீன்ஸ்டவுன் கோப்பிக் கடையில் நான் பார்த்த அதே காட்சி. அன்று நான் மாமாவின் தோள்மேல் இருந்து பார்த்தேன். இன்று, லேசு என்று தேடிப்போனவனாக நின்று பார்த்தேன்.

அன்று மாலையே தோட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "கோல் கீப்பர் கை ஓட்டைக் கை. முந்தின ஆட்டத்துலயும் உருண்டு வந்த பந்த விட்டுட்டானாம்." கடையில் சொன்னார்கள், லயத்தில் சொன்னார்கள். அவன் அப்பா பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த மனிதர். நாலு பேர் சொன்னதைக் கேட்டு, பந்து விளையாடப் போகக் கூடாது என்று மகனைக் கண்டித்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை மாதமாகத் திறக்கவில்லை.

போன மாதம் மாமாவோடு தொலைபேசியில் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "கோப்பிக் கடையில என் தோள் மேல ஒக்காந்திருந்தியே, நெனப்பிருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது மாமா என்றேன். "சரி, வையி" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பையன் ஆறாம் ஆண்டு. அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவான். இன்று மேடையில் அவன் பெயர் எதற்கும் கூப்பிடப்படவில்லை. நானும் பெயர் சொல்லப்போவதில்லை. அவன் யார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அவன் அப்பாவும் பின்வரிசையில் நிற்கிறார். அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

போட்டி முடிந்து வேனில் திரும்பும்போது அந்தப் பையன் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மற்ற பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அவன் மெல்லக் கேட்டான்: "சார், அந்தப் பந்த நான் பிடிச்சிருக்கலாமா?"

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிடிச்சிருக்கலாம் தம்பி. ஒரு கையாலேயே பிடிச்சிருப்ப. அது எனக்கு அப்பவே தெரியும். விடச் சொன்னது நான்.